சாப்பாட்டுக் கணக்கும் சேவைக் கணக்கும்

(நகர நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ‘சேவைச் சங்கங்களும் சமூகமும்’. தலைப்பு பெரிது; எனக்குத் தெரிந்தது அதில் ஒரு மூலை. நான் மேடைப் பேச்சாளன் இல்லை, கணக்குப் பார்த்துப் பிழைத்தவன். ஆலைக் கணக்கு, அரிசி மண்டிக் கணக்கு, லாரி செட்டுக் கணக்கு என்று பார்த்துக்கொண்டே, பக்கத்து ஊர்களில் உள்ள சில சங்கங்களின் வரவு செலவையும் கட்டணம் வாங்காமல் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் சேவைச் சங்கம் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொன்னாடையும் மேடையும் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு பேரேடுகள்தான் கண்முன் வந்து நிற்கும்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. இங்கே வந்திருக்கும் சங்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. “வாரா வாரம் ஓட்டலில் கூடிச் சாப்பிடுவாங்க, வருஷத்துக்கு ஒரு தடவை நாலு பேருக்குத் தையல் மெஷின் கொடுத்துப் போட்டோ எடுத்துக்குவாங்க” என்பார்கள். இந்தக் கேலிக்குப் பதில் சொல்லத்தான் இன்று வந்தேன். அதில் பாதி நியாயம் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போவேன். கூடிச் சாப்பிடுவதற்கும் ஊருக்குச் செய்வதற்கும் என்ன உறவு? ஒன்று இல்லாமல் மற்றொன்று நடக்குமா? இதுதான் என் கேள்வி.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி, அமெரிக்காவின் சிகாகோ நகரில் நான்கு பேர் ஓர் அலுவலக அறையில் கூடினார்கள். பால் ஹாரிஸ் என்ற வக்கீல், சில்வெஸ்டர் ஷீல் என்ற நிலக்கரி வியாபாரி, கஸ்டாவஸ் லோயர் என்ற சுரங்கப் பொறியாளர், ஹைரம் ஷோரி என்ற தையல் கடைக்காரர். கூட்டியவர் ஹாரிஸ். அவர் சிற்றூரில் வளர்ந்து பெருநகரத்துக்குப் பிழைக்க வந்தவர். தொழில் நடந்தது, வருமானம் வந்தது. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. பிழைப்புக்காகச் சென்னைக்கோ கோவைக்கோ போய் மேன்ஷன் அறையில் இருந்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒரு முறை ஒருவர் அலுவலகம், அடுத்த முறை இன்னொருவர் அலுவலகம் என்று சுற்றிச் சுற்றிக் கூடினார்கள். அதனால் ரோட்டரி என்று பெயர் வந்தது. ஒரு தொழிலுக்கு ஓர் ஆள் என்பது விதி. பின்னால் சேர்ந்த ஹாரி ரகிள்ஸ் என்ற அச்சகக்காரர் கூட்டத்தில் எல்லோரையும் பாட வைத்தார். ஆக, பிறந்தபோது அந்தச் சங்கத்தில் சேவை என்பதே கிடையாது. தோழமை இருந்தது, உன் வியாபாரம் எனக்கு, என் வியாபாரம் உனக்கு என்ற கொடுக்கல் வாங்கலும் இருந்தது.

அதற்குக் கேள்வி வந்தது வெளியிலிருந்து. 1906இல் டொனால்டு கார்ட்டர் என்ற வக்கீலைச் சங்கத்தில் சேரச் சொல்லிக் கேட்டார்கள். உறுப்பினர்களுக்கு மட்டும் பயன்படுகிற சங்கம் எத்தனை நாள் ஓடும், ஊருக்கு ஏதாவது செய்தால் அல்லவா அதற்கு ஒரு மதிப்பு என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். நம்மூராக இருந்தால், “பெரிய ஆளு வந்துட்டார்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். அவர்கள் விதியைத் திருத்தி, அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் பொதுப்பணி என்ன தெரியுமா? நகர மன்றத்துக்கு அருகே பொதுக் கழிப்பறை. அதற்கும் எதிர்ப்பு வந்தது. பெரிய கடைக்காரர்களும் மதுக்கடைக்காரர்களும் வேண்டாம் என்றார்கள். கழிப்பறைக்காக உள்ளே வருகிற ஆள் எதையாவது வாங்கிக்கொண்டு போவான், அந்த வியாபாரம் போய்விடுமே என்ற கவலை. கழிப்பறை கட்ட இடம் கேட்டாலே தெருவில் தகராறு வரும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

1917இல் அதே சிகாகோவில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு முகவர், தனித்தனியாக இயங்கிவந்த வணிகர் குழுக்களை ஒன்று சேர்த்தார். அக்டோபரில் டல்லஸ் நகரில் கூடிய முதல் மாநாட்டிலேயே, உறுப்பினர்களின் பண லாபத்தைச் சங்கத்தின் நோக்கமாக வைக்கக் கூடாது என்று விதி செய்தார்கள். அதுதான் நாம் அரிமா சங்கம் என்று அழைக்கிற லயன்ஸ். 1925இல் ஒஹையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காக நீங்கள் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் என்றால் அரிமா என்று ஆயிற்று. 1930இல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா என்ற ஊரில், பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முடியாமல் தவிப்பதைப் பார்த்த ஜார்ஜ் பான்ஹம் என்ற லயன்ஸ் உறுப்பினர், கைத்தடிக்கு வெள்ளை வண்ணம் பூசி அதில் சிவப்புப் பட்டை போடலாம் என்று யோசனை சொன்னார். அந்த ஊர் மன்றம் அதை உள்ளூர்ச் சட்டமாகவே ஆக்கியது.

இன்னர் வீல், ஜேசீஸ், ரவுண்ட் டேபிள் போன்ற சங்கங்களும் இந்த வரிசையில் வந்தவைதான். இந்தியாவின் முதல் ரோட்டரி கல்கத்தாவில் 1920இல் சாசனம் பெற்றது. மதராஸில் 1929இல் வந்தது.

இதைக் கேட்டுவிட்டு, பொதுக்காரியத்துக்குக் காசு சேர்ப்பதை வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குச் சொல்லிக் கொடுத்தான் என்று நினைத்துவிட வேண்டாம். விருதுநகர் வணிகர்களிடம் மகமை என்ற ஏற்பாடு இருந்தது. நடக்கிற வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஊரில் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலா என்ற பள்ளிக்கு வீடுகளில் பிடி அரிசி சேர்த்தார்கள். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பது வழக்கம்; பள்ளிக்கென்று வந்து வாங்கிப் போவார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் நடக்கும் மொய் விருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சோறும் உண்டு, நோட்டும் உண்டு. சாப்பிட்டு எழுந்தவர் மொய் எழுதாமல் போகமாட்டார்; எழுதியது திரும்பி வராமலும் போகாது. நாலு பேர் கூடுகிற இடத்தில்தான் காசு சேரும், சேர்ந்த காசுக்கு எழுத்து வேண்டும் என்பது நமக்குப் பழைய பாடம்.

பழைய ஏற்பாடுகள் பெரும்பாலும் ஒரு சாதிக்குள்ளோ ஓர் உறவு வட்டத்துக்குள்ளோ நடந்தன. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று ஆள் சேர்த்த சேவைச் சங்கம், ஒரே மேசையில் டாக்டரையும் மர வியாபாரியையும் பஸ் முதலாளியையும் உட்கார வைத்தது. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இப்போது என் தொழிலுக்கு வருகிறேன். அந்த இரண்டு பேரேடுகள்.

அரிமா சங்கங்களில் இது எழுதப்பட்ட விதி. நிர்வாகக் கணக்கு ஒன்று, சேவைக் கணக்கு ஒன்று. உறுப்பினர் கட்டுகிற சந்தா, சாப்பாட்டுப் பணம், அபராதம் எல்லாம் நிர்வாகக் கணக்கில் வரவு. கூட்டத்துக்கு ஆகிற டிபன், மைக் வாடகை, மாலை, மாவட்ட, பன்னாட்டுச் சந்தா எல்லாம் அதில் செலவு. பொதுமக்களிடம் கை நீட்டி வாங்கிய காசு ஒவ்வொன்றும் சேவைக் கணக்குக்குப் போக வேண்டும். அந்த வசூலுக்கென்றே நேராக ஆன செலவைக் கழித்துக்கொள்ளலாம். மீதி முழுவதும் மக்களுக்கே திரும்ப வேண்டும். அதிலிருந்து ஒரு டம்ளர் காபி கூட உறுப்பினர் குடிக்கக் கூடாது. ரோட்டரி சங்கங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் துணை விதிகளும் பணத்தை இப்படி இரண்டாகப் பிரித்தே வைக்கச் சொல்கின்றன.

ஆகவே, “கூடிச் சாப்பிடுகிறார்கள்” என்ற கேலிக்கு முதல் பதில்: ஆமாம், சாப்பிடுகிறார்கள், தங்கள் காசில். கணக்கு ஒழுங்காக இருக்கிற சங்கத்தில் உங்கள் நூறு ரூபாய் வேறு வங்கிப் புத்தகத்தில் இருக்கும். ஒழுங்காக இல்லாத சங்கத்தைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அபராதம் என்றேன் அல்லவா, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அரிமா சங்கத்தில் டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால், கோட்டில் சின்னம் குத்தாமல் வந்தால், பேச்சு நடக்கும்போது செல்போன் அடித்தால் அவர் பத்தோ இருபதோ அபராதம் போடுவார். கல்யாண நாளை மறந்தவருக்கும் உண்டு. யாரும் அப்பீல் போக முடியாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருக்கும் அத்தனை பேரும் ஒருமனதாக ஒப்ப வேண்டும். பார்க்க விளையாட்டு. ஆனால் வசூலித்த பணத்தை அவர் உடனே பொருளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதும் விதிதான். ஊரில் யாரும் எதிர்த்துப் பேசத் தயங்குகிற பெரிய வியாபாரி, நாலு பேர் சிரிக்க இருபது ரூபாய் அபராதம் கட்டிவிட்டு உட்காருகிறார் பாருங்கள், அந்த இடத்தில் ஒரு காரியம் நடந்துவிடுகிறது. அடுத்த வாரம் முகாமுக்கு ஐந்து மூட்டை அரிசி வேண்டும் என்று அவரிடம் கேட்கத் தைரியம் வந்துவிடுகிறது.

சங்கங்கள் நம் ஊர்களில் எப்படிக் காசு திரட்டின என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் நல நிதிக் காட்சி என்று நடத்துவார்கள். புதுப்படம் ஒன்றின் காட்சியைத் தியேட்டர்காரரிடம் பேசி எடுத்துக்கொள்வார்கள். கேளிக்கை வரி விலக்குக் கேட்டு மனுப் போடுவார்கள். டிக்கெட்டுக்குப் பதில் நன்கொடைச் சீட்டு. பால்கனிக்கு ஒரு விலை, கீழே ஒரு விலை. உறுப்பினர் ஒவ்வொருவர் தலையிலும் இத்தனை சீட்டு என்று கட்டிவிடுவார்கள். விற்காத சீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. இன்னிசைக் கச்சேரி, நாடகம், பட்டிமன்றம் எல்லாம் இதே முறைதான். கூடவே ஒரு மலர் போடுவார்கள். பின் அட்டை நகைக் கடைக்கு, உள் அட்டை பஸ் கம்பெனிக்கு, அரைப் பக்கம் ஜவுளிக் கடைக்கு, கால் பக்கம் மளிகைக்கு. பெயர் போட விரும்பாதவர் ‘நலம் விரும்பி’. அந்த மலரை யாரும் படிக்கமாட்டார்கள். எல்லோரும் தம் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது என்று மட்டும் பார்ப்பார்கள். வெளிநாடுகளில் வேறு வழிகள்: ஆஸ்திரேலியாவில் லயன்ஸ் சங்கங்கள் 1965 முதல் கிறிஸ்துமஸ் கேக் விற்று நிதி சேர்க்கின்றன. அமெரிக்கச் சிற்றூர்களில் சனி, ஞாயிறு காலைகளில் உறுப்பினர்களே பேன்கேக் சுட்டு விற்பார்கள். வழக்கறிஞர் அடுப்படியில் நிற்பார், மேயர் தட்டு கழுவுவார்.

தணிக்கையில் இந்த வரவுகளைப் பார்க்கும்போது நான் தொகையைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் ரசீதுப் புத்தகத்தின் அடிச்சீட்டுகளைப் புரட்டுவேன். ஒருவர் ஒரு லட்சம் ரூபாய்க்குக் காசோலை கொடுத்தால் அடிச்சீட்டு ஒன்று. அதே ஒரு லட்சத்தை ஆயிரம் பேர் நூறு நூறாகக் கொடுத்தால் அடிச்சீட்டு ஆயிரம். வங்கிக்கு இரண்டும் ஒன்றுதான். ஊருக்கு ஒன்றில்லை. நூறு ரூபாய் கொடுத்த டீக்கடைக்காரர் ஆறு மாதம் கழித்து, “ஏங்க, அந்தப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறை என்னாச்சு?” என்று கேட்பார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. கையில் ரசீது இருக்கிறது. அப்படிக் கேட்கிற ஆயிரம் பேரைச் சம்பாதித்த சங்கத்துக்குத் தணிக்கையாளர் கூடத் தேவையில்லை. பெரிய காசோலை கொடுத்தவர் பெரும்பாலும் கேட்கமாட்டார். அவர் கல்வெட்டில் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்.

சிறு தொகைக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1917இல் ரோட்டரியின் தலைவராக இருந்த ஆர்ச் கிளம்ப், உலகத்துக்கு நன்மை செய்ய ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்று மாநாட்டில் பேசினார். அதற்கு வந்த முதல் நன்கொடை கான்சாஸ் சிட்டி சங்கம் அனுப்பிய 26 டாலர் 50 சென்ட். அந்த ரோட்டரி அறக்கட்டளைதான் பிறகு போலியோ ஒழிப்பில் இறங்கியது. 1979இல் பிலிப்பைன்ஸ் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுப்பதில் தொடங்கி, 1985இல் உலகம் முழுமைக்குமான திட்டமாக அறிவித்தார்கள். 12 கோடி டாலர் திரட்ட வேண்டும் என்று இறங்கினார்கள். 1988இல் 24 கோடியே 70 லட்சம் டாலர் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டில் 125 நாடுகளில், ஆண்டுக்கு மூன்றரை லட்சம் பேரைப் போலியோ முடக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாக ஒரு குழந்தைக்கு நோய் வந்தது 2011 ஜனவரி 13, மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில். 2014 மார்ச் 27ஆம் தேதி நாம் போலியோ அற்ற பகுதியாகச் சான்றிதழ் பெற்றோம். இதில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பங்கு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான், தேசிய இயக்கம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, 1980களின் தொடக்கத்தில், உள்ளூர் ரோட்டரியைத் துணைக்கு வைத்துக்கொண்டு வேலூர் நகரத்தில் முகாம் முகாமாகச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்.

கோடி டாலர் ஒரு பக்கம் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் நிலையத்தில் மேசை போட்டு, ஐஸ் பெட்டியைக் காத்து, இடது கைச் சுண்டு விரலில் மை வைக்க ஆள் வேண்டுமே. சுகாதாரப் பணியாளருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் பக்கத்தில் மஞ்சள் தொப்பியோடு நின்றவர்களில் பலர் வியாழக்கிழமை இரவு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். வராமல் இருந்தால் அடுத்த வாரம் நண்பன் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கம் எழுப்பிவிட, வந்து நின்றவர்களும் உண்டு. அந்த வெட்கத்தை எந்தச் சுற்றறிக்கையாலும் உண்டாக்க முடியாது.

இன்னும் கிட்டப் போய்ப் பார்க்க ஒரு கண் சிகிச்சை முகாமை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரை அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றபின் 58 வயதில், 1976ஆம் ஆண்டு, 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அதன் முகாம் முறையில் வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மருத்துவர்கள், செவிலியர்கள், கருவிகள், அறுவைச் சிகிச்சை எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம், விளம்பரம், பந்தல், சாப்பாடு, கூட்டத்தைக் கட்டி மேய்ப்பது எல்லாம் உள்ளூரில் முகாமை ஏற்று நடத்துபவர் பொறுப்பு. அது அரிமாவாக இருக்கலாம், ரோட்டரியாக இருக்கலாம், கோயில் குழுவாகவோ வணிகர் சங்கமாகவோ இருக்கலாம்.

அந்த முகாமின் செலவுக் கணக்கை வரிவரியாகப் படிக்கிறேன். நோட்டீஸ் அச்சடிப்பு. ஆட்டோவில் ஒலிபெருக்கி, இரண்டு நாள். சாமியானா, நாற்காலி, மேசை வாடகை. டீ, பன். மதியச் சாப்பாடு. துப்புரவுக் கூலி. அவ்வளவுதான். ஒரு சின்னக் காதுகுத்து விழாவுக்கு ஆகிற செலவுதான் இது. ஆனால் கணக்கில் வராத வரிகளைப் பாருங்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டது தாளாளர். அரிசி மில்காரர் கொடுத்த அரிசி. காய்கறி மண்டியிலிருந்து வந்த கூடை. முந்தின நாள் மாலை பக்கத்துக் கிராமங்களுக்குப் பைக்கில் போய், “நாளைக்குப் பாட்டியைக் கூட்டிட்டு வாங்க, சாப்பாடு உண்டு, ஆபரேஷன்னு சொன்னா அன்னைக்கே பஸ்ஸில் கூட்டிட்டுப் போவாங்க, காசு கிடையாது” என்று வீட்டு வாசலில் நின்று சொன்ன உறுப்பினர்களின் பெட்ரோல். இதற்கெல்லாம் வவுச்சர் இல்லை.

அந்த வாசல் பேச்சு ஏன் முக்கியம் என்றால், முகாம் போட்டால் மட்டும் மக்கள் வந்துவிடமாட்டார்கள். தென்னிந்தியக் கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் வெளியானது; கண்ணில் கோளாறு உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள். பயம் ஒன்று. கூட வர ஆள் இல்லை என்பது ஒன்று. ஒரு நாள் கூலி போய்விடும், வயசாயிட்டா கண்ணு மங்கத்தானே செய்யும் என்பவை மற்றவை. இந்தத் தடைகளைத் தாண்டிக் கூட்டிவர மருத்துவமனையால் முடியாது, அந்தப் பாட்டிக்கு அறிமுகமான முகம் ஒன்று வேண்டும். உள்ளூர்ச் சங்கம் கொடுக்கக்கூடிய பெரிய நன்கொடை அந்த அறிமுகம்தான். 1992இல் மதுரையில், லயன்ஸ் அமைப்பின் உதவியோடு தொடங்கிய லயன்ஸ் அரவிந்த் சமுதாயக் கண் மருத்துவ நிறுவனம், இந்த முறைகளை வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கும் கற்றுக் கொடுக்கிறது.

இதுவரை சங்கத்துக்காக வாதாடினேன். இனி எதிர்ப்பக்கம்.

காசு சேர்ப்பதற்குத் தோழமை எவ்வளவு உதவுகிறதோ, கணக்குக் கேட்பதற்கு அவ்வளவு தடையாக இருக்கிறது. “மாப்ள கிட்டப் போய் வவுச்சர் கேக்குறதா?” என்பார்கள். சங்கத்து அழைப்பிதழ் சங்கத்து உறுப்பினரின் அச்சகத்தில்தான் அடிக்கிறது. மூன்று கொட்டேஷன் வாங்கினீர்களா என்று கேட்டால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அவர் மலிவாகத்தான் அடித்துக் கொடுத்திருப்பார். ஆனால் அதை எழுத்தில் காட்டாதவரை, வெளியே இருப்பவனுக்கு அது உள்கை வியாபாரம்தான். நட்பு இருக்கிற இடத்தில்தான் கணக்கு இறுக்கமாக இருக்க வேண்டும், அப்போதுதான் நட்பும் நீடிக்கும்.

இரண்டாவது, ஜூலை நோய். சங்க ஆண்டு ஜூலை 1ஆம் தேதி பிறக்கிறது. தலைவர் ஆண்டுதோறும் மாறுவது நல்ல ஏற்பாடு. நாற்காலியில் யாரும் வேர்விட முடியாது. ஆனால் ஒவ்வொரு தலைவருக்கும் தம் பெயர் பொறித்த ஒரு கல் வேண்டியிருக்கிறது. ஓர் அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு எந்திரம் கொடுப்பார்கள். திறப்பு விழாவுக்குச் சங்கத்தின் மாவட்ட ஆளுநர் வருவார். இரண்டு வருஷம் கழித்துப் போனால் எந்திரத்தின் மேல் பள்ளியின் பழைய வரைபடங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். ஃபில்டர் மாற்றக் காசு யார் கொடுப்பது? இன்றைய தலைவருக்கு அது போன தலைவரின் திட்டம். புதிதாக எதையும் திறக்காமல், பழைய எந்திரங்கள் எல்லாவற்றையும் ஓட வைத்தேன் என்று ஒருவர் ஆண்டறிக்கை வாசித்து நான் கேட்டதில்லை. கேட்டால் எழுந்து நின்று கைதட்டுவேன்.

மூன்றாவது, மேசையில் யார் இருக்கிறார்கள் என்பது. சிகாகோவில் கூடிய முதல் நால்வரில் ஒருவர் தையல் கடைக்காரர் என்று சொன்னேன். இன்று நம் சங்கங்களில் தையல்காரர் இருக்கிறாரா? தையல் மெஷின் வாங்கிக்கொள்ளும் வரிசையில்தான் இருக்கிறார். சந்தாவும் ஓட்டல் சாப்பாடும் குடும்ப விழாவும் சேர்ந்து ஒரு வேலி போட்டுவிட்டன. அந்த வேலியைத் தாண்ட ஆசிரியருக்கும் மெக்கானிக்குக்கும் முடியவில்லை. பெண்களுக்கு இந்தக் கதவு திறக்க எண்பது வருஷம் ஆனது. கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே ரோட்டரி சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காகவே நீக்கப்பட்டு, வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1987இல் பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1989இல் உலகெங்கும் ரோட்டரி விதியை மாற்றியது. விதி மாறியது சரி, நம் பக்கத்துச் சங்கங்களில் பெண்களைக் குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிடுகிற அளவுக்குப் பொருளாளர் நாற்காலிக்குக் கூப்பிடுகிறார்களா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, புதிதாக வந்திருக்கிற வசதி. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணம் சங்கங்களின் வழியாகவும் வருகிறது. ரோட்டரி அறக்கட்டளையின் உலகளாவிய மானியத்துக்குத் திட்ட மதிப்பு குறைந்தது 30 ஆயிரம் டாலர் இருக்க வேண்டும். டயாலிசிஸ் கருவி, எரிவாயு தகன மேடை, பள்ளிக் கட்டடம் என்று பெரிய காரியங்கள் இதனால் நடக்கின்றன, நடக்கட்டும். ஆனால் பெரிய பணம் பழகியதும் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் நடக்கக் கால் கூசுகிறது. மாதக் கணக்கில் அலைந்து நூறு நூறாகச் சேர்ப்பதைவிட ஒரு விண்ணப்பம் எழுதுவது எளிது என்று செயலாளர் சொல்கிறார். எளிதுதான். கடைவீதிக்குப் போகாத சங்கத்தைக் கடைவீதி மறந்துவிடும். அப்புறம் முகாமுக்கு ஆள் திரட்டப் போனால், “நீங்க யாரு?” என்று கேட்பார்கள்.

குறை சொல்லிவிட்டுப் போவது தணிக்கையாளருக்கு அழகில்லை. அறிக்கையின் கடைசியில் பரிந்துரை எழுத வேண்டும். நான் சில எழுதுகிறேன்.

எவ்வளவு மானியம் வந்தாலும், ஆண்டுக்கு ஒரு காரியத்தையாவது முழுக்க ஊர்க்காசில் செய்யுங்கள். நபருக்கு நூறு ரூபாய்க்கு மேல் வாங்காதீர்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், அடிச்சீட்டு அதிகமாக இருக்கட்டும்.

எந்தப் பொருளை எந்தப் பள்ளிக்குக் கொடுத்தாலும், அதன் விலையில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று வைப்பு நிதியில் போட்டுவிட்டுத் திறப்பு விழா நடத்துங்கள். அந்தப் பங்குக்குப் பணம் இல்லையென்றால் எந்திரத்தின் அளவைக் குறையுங்கள்.

பொருளாகவும் உழைப்பாகவும் வந்ததைக் கணக்கில் எழுதுங்கள். மில்காரர் அரிசியும், முகாமில் மாணவர்கள் நாள் முழுக்கக் கூட்டத்தை ஒழுங்குபடுத்தியதும் ஒரு பட்டியலாக ஆண்டறிக்கையில் வரட்டும். அப்போதுதான் ரூபாயில் கொடுக்க முடியாதவனுக்கும் இந்தச் சங்கத்தில் ஒரு பங்கு உண்டு என்று தெரியும்.

மாதத்தில் ஒரு கூட்டமாவது ஓட்டலுக்கு வெளியே நடக்கட்டும். பள்ளி வகுப்பறையில், டீயும் சுண்டலும் வைத்து. உறுப்பினர் அல்லாத யாரும் வந்து உட்காரலாம் என்று இருக்கட்டும். தோழமைக்குப் பிரியாணிதான் வேண்டும் என்று எந்தத் துணை விதியிலும் இல்லை.

கடைசியாக ஒன்று. ஊர்க் கேலிக்கு மேடையில் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரண்டு தாளில் பதில் சொல்லலாம். ஒரு தாளில் நிர்வாகக் கணக்கு: இவ்வளவு சந்தா, இவ்வளவு சாப்பாடு, எல்லாம் எங்கள் பாக்கெட். இன்னொரு தாளில் சேவைக் கணக்கு: உங்களிடம் வாங்கியது இவ்வளவு, உங்களுக்குத் திரும்பியது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு. வரும் ஜூலையில் பதவி விடும் பொருளாளர்கள் இந்த இரண்டு தாளையும் பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளியே இந்த நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இடம் கேட்டு நூலகரிடம் பேசிவிட்டேன். தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று பார்த்துத் தர நான் இருக்கிறேன், கட்டணம் கிடையாது. தப்புக் கூட்டலுக்கு மட்டும் டெயில் ட்விஸ்டர் முறைப்படி இருபது ரூபாய் அபராதம். அதுவும் விதிப்படி நிர்வாகக் கணக்குக்கே.